குரலால் தொடரும் வகுப்பறை

நேரலை வகுப்பில் இணைப்பு அறுந்தால் அன்றைய பாடம் போனதுதான். 2020 கொரோனா முடக்கத்தில் சூம் வகுப்புகளுக்காகச் சிக்னல் தேடி அலைந்த மாணவர்களுக்கு இது தெரியும்.

எல்லோரும் ஒரே நேரத்தில் இணைந்திருக்கத் தேவையில்லாத கருவிகளும் உண்டு. அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் தோன்றிய வொய்ஸ்த்ரெட் அவற்றில் ஒன்று. விரிவுரையாளர் ஒரு படத்தையோ காணொளியையோ ஏற்றி, கேள்வியைக் குரலில் பதிகிறார். மாணவர்கள் இணைப்புக் கிடைக்கும் வேளையில் எழுத்திலோ குரலிலோ காணொளியிலோ பதிலிடுகிறார்கள். எக்ஸ்ரே படத்தில் முறிவு எங்கே என்று கோடு கீறிக் காட்டியபடியே பேசலாம். அடுத்தவர் அதைக் கேட்டு மறுக்கலாம்.

வகுப்பில் ஆங்கிலத்தில் வாய் திறக்கக் கூசும் மாணவிக்கே இதனால் கூடுதல் பயன் என்பேன். பதிந்து, கேட்டு, பிடிக்காவிட்டால் அழித்து மீண்டும் பேசலாம், யாரும் சிரிக்கமாட்டார்கள்.

ஆனால் நூறு பேரின் குரலையும் ஒரு விரிவுரையாளர் இருந்து கேட்க முடியாது. ஐந்தாறு பேர் கொண்ட குழுக்களாகப் பிரிப்பதே நடைமுறைக்கு ஏற்றது. கட்டணமும் ஒரு தடை. எனினும் நமது பல்கலைக்கழகங்களில் பழகிப்போன மூடில் இலவசமானது. அதன் கலந்துரையாடல் பகுதியில் 2018 முதல் குரலைப் பதியும் பொத்தானும் இருக்கிறது. வழமையாக இரண்டு நிமிடம் பேசலாம். காணொளியை விட டேட்டாவும் குறைவாகவே செலவாகும்.