ஹக்ஸ்லியின் புவிச்சரிதவியற் பாடமும் எமது கிணறுகளும்

1868 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், இங்கிலாந்தின் நோரிச் நகரிலே தோமஸ் ஹென்றி ஹக்ஸ்லி தொழிலாளர்க்கு ஒரு சொற்பொழிவாற்றினார். அவர் எடுத்துக்கொண்ட பொருள், தச்சன் ஒருவன் தன் சட்டைப்பையிற் கொண்டுதிரியும் வெண்சுண்ணக்கல். அந்நகரின் அடியிலே பரந்துகிடந்ததும் அக்கல்லே. (எமது வகுப்பறை வெண்கட்டி பெரும்பாலும் ஜிப்சத்தால் ஆனது, அதனைக்கொண்டு இப்பாடத்தை நடத்த முயலும் ஆசிரியர் ஏமாற்றமடைவர்.) கல்லை மெல்லிய தகடாகத் தேய்த்து நுணுக்குக்காட்டியில் நோக்கின், குளோபிஜெரினா எனும் நுண்ணுயிரின் ஓடுகள் தென்படும். 1857 இல் அத்திலாந்திக் தந்திவடம் இடுதற்பொருட்டு ஆழம் அளந்தோர் கடலடியிலிருந்து எடுத்த சேற்றிலும் அவ்வோடுகளே மிகுந்திருந்தன. தாம் நிற்கும் நிலம் ஒருகாலத்திற் கடலடியாயிருந்ததென்பதைக் கேட்போர் தாமே உய்த்துணர இவ்விரு சான்றுகளும் போதுமாயின.

அடுத்த ஆண்டு இலண்டனில் அவர் நிகழ்த்திய விரிவுரைகளே 1877 இல் ‘பிசியோகிராபி’ என்னும் நூலாக வெளிவந்தன. பூமியின் வடிவத்தை வரையறுத்துப் பாடத்தைத் தொடங்கும் அக்கால வழக்கத்தை அவர் கைவிட்டார். இலண்டன் பாலத்தின்கீழ் ஓடும் தேம்சு நதியில் தொடங்கி, ஊற்று, மழை, ஆறு அரித்துச்செல்லும் மண், கடல், பாறை எனச் சென்றார். பூமியின் வடிவமும் சூரியனும் இறுதி அதிகாரங்களிலேயே வருகின்றன. பௌதிகம், இரசாயனம், உயிரியல் என்பன தனித்தனிப் பாடங்களாக நில்லாது, ஒரே நீரோட்டத்தைப் பின்தொடரும்போது வேண்டுமிடத்து வந்து சேர்கின்றன. பொது விஞ்ஞான வகுப்பிற் புவிச்சரிதவியலுக்கு இதைவிடப் பொருத்தமான வாயிலை யான் அறியேன்.

இந்நூலின் முன்னுரையில் ஒரு செய்தி நோக்கற்பாலது. ஆசிரியர் எவரும் தேம்சுக்குப் பதிலாகத் தம் பாடசாலை அமைந்துள்ள பிரதேசத்து ஆற்றையே கையாளலாம் என்கிறார் ஹக்ஸ்லி. ஆகவே தேம்சை மனனஞ் செய்விப்பது அவருடைய முறையைக் கைவிடுவதேயாகும்.

எனினும் யாழ்ப்பாணக் குடாநாட்டு ஆசிரியர் எதனைக் கையாள்வது? வற்றாத ஆறு அங்கு இல்லை. வழுக்கியாறு மாரியில் மட்டுமே ஓடும். இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு கேம்பிரியனுக்கு முந்திய பளிங்குப் பாறையாதலின், பாடநூல் கூறும் பாறைகளும் பெரும்பாலும் அக்குடாநாட்டு மாணவர் காலடியில் இல்லாதவையே. அவர்க்கு ஆறாக அமைவது கிணறு. மழைநீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதக்கிறது. துலாவின் இடத்தை நீரிறைக்கும் இயந்திரம் பிடித்தபின், அளவுமிஞ்சி இறைத்த கிணறுகள் உவராவதன் காரணமும் இதுவே. இது தேர்வுக்குரிய வினா மாத்திரமன்று. அவ்வூரார் குடிக்கும் நீரைப்பற்றியது.

அக்கல்லும் மயோசீன் காலத்துக் கடற்படிவே. கிணறு வெட்டுகையில் வெளியே எறியப்படும் கற்களிற் சிப்பிகளின் அச்சுக்களைத் தேடிக் காணலாம். அதற்கு நுணுக்குக்காட்டியும் வேண்டியதில்லை.