தோணியில் ஏறிய இஞ்சின்

எங்கள் தூத்துக்குடித் தோணிகள் 1970களில்கூடப் பாயை மட்டும் நம்பித்தான், சுமார் 150 கடல் மைல் தள்ளியிருக்கும் கொழும்புக்கு வெங்காயம் முதலான சரக்கு ஏற்றிப் போயின. காற்று விழுந்தால் நடுக்கடலில் கிடக்க வேண்டியதுதான். அடுத்த பத்தாண்டில் ஒவ்வொன்றாக டீசல் இஞ்சின் ஏறியது. நான் அப்போது பட்டறையில் இருந்தேன்.

பாயோடு வளர்ந்த தண்டல்மாருக்கு இஞ்சினை எந்த வேகத்தில் ஓட்டுவது என்பது புதுச் சங்கதி. சிலர் முழு ரேஸ் கொடுப்பார்கள். கனத்த மர உடம்பு அது. வேகம் இரண்டு மடங்காக ஏறக்குறைய எட்டு மடங்கு சக்தி வேண்டும். கரும்புகையும் டீசல் செலவும்தான் மிச்சம், தோணி அதே நடைதான்.

சிக்கனக்காரர்கள் செய்தது வேறு. பாயையும் விரித்து, ராத்திரி முழுக்க இஞ்சினை ஸ்லோவில் முனகவிடுவார்கள். பார்க்க நல்ல யோசனை மாதிரி இருக்கும். ஆனால் சூடு ஏறாத சிலிண்டரில் டீசல் முழுதாக எரியாது. கரி படியும். லைனர் கண்ணாடி மாதிரி வழுவழுத்துப்போய் ஆயில் மேலே ஏறும்.

அப்படி ஒன்றைப் பிரித்தபோது ரிங்கெல்லாம் கரியில் ஒட்டிக் கிடந்தன. முதலாளி என் வேலை சரியில்லை என்று சத்தம் போட்டார். உச்ச சுற்றில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே வைத்து ஓட்டச் சொன்னேன். நல்ல காற்று இருந்தால் அணைத்துவிடவும் சொன்னேன். பக்கத்தில் நின்ற வயசான தண்டல், “காத்து இருக்கையில அத எதுக்குப்பா எழுப்பணும்?” என்று சிரித்தார்.

ரிங் மாற்றி, லைனரைத் தேய்த்து மறுபடி ஏற்றினோம். கூலியில் பாதிதான் கைக்கு வந்தது.