மண்வெட்டிப் படை: மெட்ராஸ் பயனீர்களின் முதல் இருபது ஆண்டுகள்

மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றதும் இன்று நினைவுக்கு வருவது பெங்களூருவின் அல்சூர் ஏரிக்கரைதான். ராணுவத்தார் எம்.இ.ஜி. என்று சுருக்கிச் சொல்லும் மெட்ராஸ் என்ஜினியர் குரூப்பின் தலைமையகம் அங்கே இருக்கிறது. அதன் சிப்பாய்க்குப் படை முழுவதும் வழங்கும் செல்லப்பெயர் 'தம்பி'. பெயரிலும் அழைப்பிலும் மட்டும் சென்னை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் இந்தப் படை எதற்காகத் தோன்றியது, எப்படித் தேர்ந்த படை என்று பெயர் எடுத்தது என்று கேட்டால், விடையைத் தேட வேண்டிய இடம் அடையாற்றுக்கும் காஞ்சிபுரத்துக்கும் இடைப்பட்ட நம்முடைய இந்த ஏரி நாடு. படைப்பிரிவு வரலாறுகள் இதை வீரத்தின் கதையாகவே எழுதிவைத்திருக்கின்றன. வீரம் இருந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தப் படை பிறந்தது ஒரு தோல்வியிலிருந்து. அந்தத் தோல்வியும் துணிச்சல் குறைந்து வந்ததல்ல. மண் வெட்டவும், ஆறு கடக்கவும், பாரம் நகர்த்தவும் பழகிய கைகள் போதாமல் வந்தது. பின்னால் வந்த புகழும் அந்தக் கைகள் சம்பாதித்ததே என்பது இக்கட்டுரையின் வாதம்.

கோட்டையைக் கடலிலிருந்து காக்கத் தெரிந்த கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தரைவழி எப்போதும் தலைவலிதான். லாலியின் பிரெஞ்சுப் படை புனித ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டிருந்தபோது, அதன் பின்புறத்தை அரித்துக்கொண்டிருந்தவர்கள் பரங்கிமலையில் நின்ற கம்பெனித் தளபதிகள் கெய்லாடும் கான் சாகிப் யூசுப் கானும். 1759 பிப்ரவரி 9 அன்று அங்கே நடந்த சண்டைக்குப் பிறகு ஒரு வாரத்தில் முற்றுகை கலைந்தது. மலையைப் பிடித்தவனுக்குத் தெற்கு வாசல் கைவசம் என்பது அன்றே தெரிந்துவிட்டது. இருந்தும் 1780 ஜூலையில் ஹைதர் அலி கர்நாடகத்துக்குள் இறங்கியபோது, வாசலுக்கு வெளியே நடமாடும் வழிவகை கம்பெனியிடம் இல்லை. ஆகஸ்ட் கடைசியில் கம்பெனித் தளபதி ஹெக்டர் மன்றோ பரங்கிமலையிலிருந்து காஞ்சிபுரம் புறப்பட்டார். குண்டூர்ப் பக்கமிருந்து வந்த கர்னல் பெய்லி அங்கே அவரோடு சேர வேண்டும் என்பது ஏற்பாடு. பெய்லி கொசஸ்தலையாற்றை அடைந்தபோது அதில் தண்ணீர் அதிகமில்லை. இறங்கிக் கடக்காமல் வடகரையிலேயே கூடாரம் அடித்தார். இரவில் வெள்ளம் வந்தது. அதன் பிறகு ஒரு வாரத்துக்கு மேல் படை அதே கரையில் ஆற்றைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. இந்த இடைவெளியில் திப்பு அந்தப் பக்கம் வந்து சேர்ந்துவிட்டார். செப்டம்பர் 10 அன்று பொள்ளிலூரில், ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட பெய்லியின் படை அழிந்தது. மைசூர் ராக்கெட்டும் வெடித்த மருந்து வண்டிகளும் எல்லோருக்கும் நினைவிருக்கின்றன. தோல்விக்கு வித்திட்ட ஆற்றங்கரையைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

மன்றோவின் கதை இதைவிட வெட்கக்கேடு. காஞ்சிபுரத்தில் சேர்த்துவைத்த தானியத்தையும் கனத்த பீரங்கிகளையும் விட்டுவிட்டு நகர முடியாமல் தவித்தார். பெய்லி அழிந்த செய்தி வந்ததும் அதே பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார். இழுக்க மாடில்லை, வழி செய்ய ஆளில்லை. செப்டம்பர் நடுவில் அந்தப் படை பரங்கிமலைக்குத் திரும்பி, ஆர்மீனிய வணிகர் உஸ்கான் 1726-இல் கட்டிய மர்மலாங் பாலத்துப் பக்கம், இன்றைய சைதாப்பேட்டையில் ஒதுங்கியது. பொள்ளிலூர் நடந்து இருபதாம் நாள், 1780 செப்டம்பர் 30 அன்று, படைக்கு வழி செய்து கொடுக்க, பயனீர் என்ற பெயரில் இரண்டு கம்பெனிகள் திரட்டப்பட்டன. இவையே பின்னாளில் மெட்ராஸ் சாப்பர்ஸ் ஆயின. பொறுப்பு கொடுக்கப்பட்டவர் பீரங்கிப் படையின் லெப்டினன்ட் ஜோசப் மூர்ஹவுஸ். தேதிகள் அடுத்தடுத்து வருவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது என்று ஒருவர் சொல்லலாம். நியாயம்தான். ஆனால் பொறுப்பாளர் எந்தப் பிரிவிலிருந்து வந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். காலாட்படைக்கு ஆள் போதவில்லை என்றால் காலாட்படை அதிகாரியை அழைத்திருப்பார்கள். பீரங்கியை நகர்த்தத் தெரிந்தவரை அழைத்தது, எங்கே ஓட்டை என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டதைக் காட்டுகிறது. வங்காளத்திலிருந்து வந்த தளபதி அயர் கூட் 1781 ஜனவரி 17 அன்று பரங்கிமலையிலிருந்து தெற்கே கிளம்பினார். செங்கல்பட்டு, கருங்குழி என்று போன அந்தத் தடத்தில்தான் ஏறத்தாழ இன்றைய ஜி.எஸ்.டி. சாலை பல்லாவரம், தாம்பரம், வண்டலூரைக் கோத்துக்கொண்டு ஓடுகிறது. ஏரிக்கரையும் மதகும் வாய்க்காலும் நெல்வயலும் மாறிமாறி வரும் இந்த நிலத்தில் ஒரு பன்னிரண்டு பவுண்டர் பீரங்கியைப் பத்து மைல் கொண்டுபோவது, பத்து முறை சண்டை போடுவதைவிடக் கடினமான காரியம்.

ஹைதருக்கு இது முன்பே தெரியும் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1781 ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டைச் சண்டையில் கூட்டின் படை மணல்மேடுகளுக்கு ஊடே திரும்பி முன்னேறியது. அங்கே பயன்பட்ட பாதை, ஹைதரின் ஆட்கள் தங்கள் பீரங்கிகளுக்காகப் போட்டது என்று போர் வரலாறுகள் குறிக்கின்றன. எதிரி வெட்டிய வழியில் நடந்து ஜெயித்த கம்பெனி, அதன் பிறகு தனக்கென வழிவெட்டுவோரை வளர்த்துக்கொண்டது. அதன் பலன் முழுதாகத் தெரிந்தது 1799-இல். ஸ்ரீரங்கப்பட்டணத்து மதிலுக்கு முன்னால் ஜெனரல் ஹாரிஸின் படை கிட்டத்தட்டப் பட்டினி கிடந்தது. காவிரியில் வெள்ளம் வரும் பருவமும் நெருங்கியது. பதுங்குகுழிகள் எவ்வளவு வேகமாக மதிலை நோக்கி நகர்கின்றன என்பதில்தான் எல்லாம் தொங்கியது. இரவில் மண் வெட்டி, கூடையில் நிரப்பி, குண்டு விழும் இடத்தில் கரை கட்டியவர்களில் பயனீர்களும் இருந்தார்கள். மே 4 நண்பகலுக்கு மேல் தாக்குதல் நடந்தபோது ஏணியும் குச்சிக்கட்டும் சுமந்து ஆற்றில் இறங்கியவர்களும் அவர்களே.

இங்கே ஒரு வலுவான மறுப்பு வரும். இது கூலிப் பட்டாளம்தானே, தேர்ந்த படை என்பது பின்னாளில் சூட்டிய மகுடம் அல்லவா? முதல் பாதி உண்மை. தொடக்கத்தில் சிப்பாய்க்கு ஒரு படி கீழாகவே பயனீரை வைத்துப் பார்த்தார்கள். அதில் சேர்ந்தவர்களும் மண்ணோடு புழங்கிய மக்கள். பறையர் சமூகத்தவரும் கிறிஸ்தவர்களும் இந்தப் படையில் கணிசமாக இடம்பெற்றார்கள். எந்த வேலையையும் சாதி சொல்லி மறுக்காதவர்கள் என்று அதிகாரிகள் பாராட்டியது, வேறு வழியில்லாதவர்களைப் பாராட்டிய பாராட்டு. ஆனால் மறுப்பின் இரண்டாம் பாதி நிற்காது. 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னிந்தியர் போருக்கு ஏற்ற இனத்தவர் அல்ல என்ற கொள்கையைப் பரப்பிய முக்கியமான ஆள். அந்தக் கொள்கை வலுத்து, 1920-களின் முடிவுக்குள் பழைய மெட்ராஸ் காலாட்படை ரெஜிமென்ட்டுகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. சாப்பர்ஸை மட்டும் தொடவில்லை. ஒரே மண், ஒரே மக்கள். ஒரு பிரிவு தகுதியற்றது, மற்றொன்று தவிர்க்க முடியாதது. தன் கொள்கையையே பொய்யாக்கும் ஒரு படையை வெறும் அபிமானத்துக்காக யாரும் வைத்துக்கொள்வதில்லை. கண்ணிவெடியையும் பாலத்தையும் கையாளும் ஆட்களைப் பரம்பரை பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியாது என்பது தெரிந்துதான் வைத்துக்கொண்டார்கள். 1912-இல் முள்கம்பி வேலியை வெடித்துத் திறக்கும் 'பெங்களூர் டார்பிடோ'வை உருவாக்கிய மக்ளின்டாக் இந்தப் படைக்காரர்.

அப்படியானால் காளையார்கோயிலில் என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். 1801-இல் மருது சகோதரர்களைத் தேடிப் போன கர்னல் அக்னியூவின் படை, சிறுவயலிலிருந்து காட்டை வெட்டிக்கொண்டு காளையார்கோயிலுக்குச் சாலை போட முயன்றது. பயனீர்களும் மரம்வெட்டிகளும் ஏறத்தாழ ஒரு மாதம் வெட்டினார்கள். முள்ளும் மூங்கிலும் பின்னிக்கிடந்த அந்தக் காட்டில் ஒவ்வொரு நாளும் சில நூறு கஜம் முன்னேற்றம், இரண்டு பக்கத்திலிருந்தும் சூடு, காய்ச்சல் வேறு. கடைசியில் முயற்சியைக் கைவிட்டுத் திரும்பினார்கள். பிறகு வேறு திசைகளிலிருந்து சூழ்ந்துதான் அக்டோபர் 1 அன்று கோயிலைப் பிடிக்க முடிந்தது. இந்தத் தோல்வி என் வாதத்தைக் கெடுக்கவில்லை. மருதுகள் எதிரியின் பலத்தைச் சரியாக எடைபோட்டிருந்தார்கள். துப்பாக்கியை மறித்துப் பயனில்லை, சாலையை மறிக்க வேண்டும் என்று காட்டைக் கோட்டையாக்கினார்கள். ஒரு படையின் உண்மையான மதிப்பு, அதன் எதிரி எதைத் தடுக்கப் பாடுபட்டான் என்பதில் இருக்கிறது.

அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டதை நினைக்கும்போது, இந்தப் படையைப் பற்றி எழுதுவதே சரியா என்ற கேள்வி எழும். வெள்ளைக்காரனுக்குப் பாதை வெட்டியவர்களுக்கு என்ன பெருமை? கம்பெனியின் காரியம் நியாயமானதா என்பதும், அதில் வேலை செய்தவர்களின் திறமை எவ்வளவு என்பதும் இருவேறு கணக்குகள். முதல் கணக்கில் கம்பெனிக்குச் சாதகமாக ஒரு வரியும் எழுத என்னால் முடியாது. இரண்டாவதை எழுதாமல் விட்டால், செங்கல்பட்டுச் சீமையின் மண்வெட்டிக்காரர்களுக்கு வரலாற்றில் கிடைத்த கொஞ்ச இடமும் போய்விடும். ஏற்கெனவே அது மிகக் கொஞ்சம். 1881-லிருந்து 1883-க்குள் விபர்ட் எழுதி வெளியிட்ட இரண்டு பெரிய தொகுதிகள்தான் இன்றும் இந்தப் படையின் ஆதார நூல். அதன் தலைப்பிலேயே என்ஜினியர்கள் முதலில், பயனீர்கள் பின்னால். 1791 மார்ச் 7 அன்று பெங்களூர்ப் பேட்டை வாசலில் மூர்ஹவுஸ் விழுந்தது, ராபர்ட் ஹோம் வரைந்த ஓவியமாகிவிட்டது. அவர் பத்தரை ஆண்டுகளுக்கு முன் திரட்டிய முதல் இரண்டு கம்பெனிகளின் ஆட்களுக்கு ஓவியமும் இல்லை, கல்லும் இல்லை. சம்பளப் பட்டியல்கள், பென்ஷன் பதிவுகள், பரங்கிமலை, பல்லாவரம் கன்டோன்மென்ட்டுகளின் பழைய கோப்புகள் என்று யாராவது பொறுமையாகப் புரட்டினால், தம்பிகளில் சிலருடைய பெயராவது கிடைக்கக்கூடும்.