இரண்டு முறை ஏவப்பட்ட கோள்

1992 அக்டோபர் 2 அன்று ஜீ டிவி தொடங்கியது. இந்தியாவின் முதல் தனியார் இந்திச் சேனலான அதைச் சுமந்த செயற்கைக்கோள் தன் இரண்டாவது பிறவியில் இருந்தது.

முதல் பிறவியில் அதன் பெயர் வெஸ்டார் 6. அமெரிக்காவின் வெஸ்டர்ன் யூனியனுக்காகச் செய்யப்பட்ட உருளை. 1984 பிப்ரவரியில் சேலஞ்சர் விண்ணோடம் அதை விண்வெளியில் இறக்கிவிட்டது. 36,000 கிலோமீட்டர் உயரத்துக்கு ஏற வழிசெய்ய வேண்டிய மோட்டார் பாதியில் அணைந்துபோக, தாழ்வான பாதையில் எதற்கும் உதவாமல் சுற்றியது. கூடப் போன இந்தோனேசியாவின் பாலாபா பி2-வுக்கும் அதே கதிதான்.

இழப்பீடு கொடுத்த காப்பீட்டாளர்கள் கோள்களைக் கைவிடவில்லை. நவம்பரில் டிஸ்கவரி விண்ணோடம் தேடிப் போனது. பாலாபாவைப் பிடிக்கக் கொண்டுபோன சட்டகம் பொருந்தவில்லை. விண்வெளி வீரர் ஜோ ஆலன் கோளைக் கையாலேயே தாங்கி நின்றார், பூமியை ஒருமுறை சுற்றிவரும் நேரம். இரண்டு நாள் கழித்து வெஸ்டாரையும் அவரும் டேல் கார்ட்னரும் கையால்தான் ஏற்றினார்கள். ‘விற்பனைக்கு’ என்ற அட்டையோடு படமும் எடுத்துக்கொண்டார்கள். இந்தக் கதையில் எனக்கு எப்போதும் நெகிழ்வைத் தருவது அந்தக் கைகள்தான்.

பழுதுபார்த்த கோளை ஹாங்காங்கின் ஏசியாசாட் வாங்கியது. 1990 ஏப்ரல் 7-ல் சீனாவின் ஷிச்சாங்கிலிருந்து லாங் மார்ச் ராக்கெட்டில் மறுபடி ஏறி, ஏசியாசாட் 1 ஆனது. மறு ஆண்டே ஸ்டார் டிவி அதில் ஏறிக்கொண்டது. கோளின் வீச்சு இந்தியாவையும் தொட்டது. தூர்தர்ஷனை மட்டுமே அறிந்த தெருக்களில் கேபிள்காரர்கள் மாடியில் டிஷ் வைத்து வீடுவீடாக ஒயர் இழுத்தார்கள். அவர்களுக்கென்று சட்டம் வந்தது 1995-ல்தான்.

அரிசி வியாபாரமும் பற்பசை டியூப் தயாரிப்பும் செய்துவந்த, ஜீ டிவியின் நிறுவனர் சுபாஷ் சந்திரா அந்தக் கோளில் ஓர் அலைவரிசையை வாடகைக்குப் பிடித்தார். இந்திய மண்ணிலிருந்து தனியார் கோளுக்கு அனுப்ப அனுமதி இல்லை. ஆகவே கேசட்டுகள் விமானத்தில் ஹாங்காங் போயின. அங்கிருந்து விண்ணுக்கு ஏறி, புறப்பட்ட ஊரின் மாடிகளிலேயே வந்து இறங்கின. ‘தாரா’வும் ‘அந்தாக்ஷரி’யும் வீடுகளுக்கு வந்தது இந்தச் சுற்றுவழியில்தான்.

வயதான கோளின் இடத்துக்கு 1997 டிசம்பரில் ஏவிய ஏசியாசாட் 3-ம் தவறான பாதையில் சிக்கியது. அதைச் சந்திரனைச் சுற்றவைத்து மீட்டார்கள்; ஆனால் இந்த இடத்துக்கு அது வரவில்லை. 1999-ல் மாற்றுக்கோள் வந்து சேரும்வரை, பழையதே சுமந்தது.