சீட்டைப் படித்தவர்கள்

ஜோ கவல் என்ற ஆங்கிலேய நாடக நடிகர் 1829-ஆம் ஆண்டின் பனிக்காலத்தில் நியூ ஆர்லியன்ஸ் நோக்கி நீராவிக் கப்பலில் பிரயாணம் செய்தபோது கண்ட காட்சியொன்றை, ஏறக்குறையப் பதினைந்து ஆண்டுகள் கழித்துத் தம் நினைவு நூலில் எழுதிவைத்தார். போக்கர் என்னும் சீட்டாட்டத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய வர்ணனைகளுள் அதுவும் ஒன்று. மூடுபனியில் கப்பல் தரைதட்டி அதிர்ந்ததும் பிரயாணிகள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே ஓட, பச்சைக் கண்ணாடி அணிந்த ஒரு கனவான் மட்டும் மேஜையைவிட்டு அசையாமல், நிதானமாகச் சீட்டைக் கலைத்து அடுக்கிக்கொண்டிருந்தாராம். அபாயம் நீங்கி ஆட்டக்காரர்கள் திரும்பியபின் போடப்பட்ட சீட்டில், என்ன ஆச்சரியம், எல்லாருக்குமே பெரிய பெரிய கைகள்; பந்தயம் மளமளவென்று ஏறிற்று. ஆனால் அவசரத்தில் எங்கோ ஒரு சீட்டு தவறியதோ என்னவோ, கனவான் தமக்கென்று அரும்பாடுபட்டு அடுக்கிய உச்சக் கை வேறொருவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

பிரான்ஸ் தேசத்துப் ‘போக்’ என்னும் ஆட்டத்தின் சாயலைக் கொண்டு, 1803-இல் அமெரிக்காவின் வசமான லூயிசியானாவில் வளர்ந்து, மிசிசிப்பி நதியில் கப்பலோடு கப்பலாக மேலேறிய இவ்வாட்டத்தில் அப்போது மொத்தம் இருபதே சீட்டுகள்: ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, பத்து. நால்வருக்கும் ஐந்தைந்தாகப் பங்கிட்டால் கட்டு தீர்ந்துபோகும். மிச்சமோ மாற்றோ கிடையாது. இருபது சீட்டில் உண்டாகக்கூடிய ஐந்து சீட்டுக் கைகள் 15,504. அவற்றுள் ஒரே இனத்துச் சீட்டு நான்கும் கூடிவரும் கைகள் 80, அதாவது சுமார் 194 கைகளுக்கு ஒன்று. அதைவிட விசேஷம், நான்கு ஏஸ் வைத்திருப்பவனை யாராலும் வெல்ல முடியாது. நான்கு ராஜாவோடு ஓர் ஏஸும் வைத்திருப்பவனையும் வெல்ல முடியாது, ஏனெனில் எதிரியிடம் நான்கு ஏஸ் இருக்க இடமே இல்லை. வீட்டை விற்றுப் பந்தயம் வைத்தாலும் நஷ்டம் வராத கை ஒன்று ஓர் ஆட்டத்தில் இருக்குமானால், அந்தக் கையை வரவழைக்கும் கைத்திறனையே மனிதன் வித்தையாகப் பயில்வான் என்பது சொல்லாமலே விளங்கும். சூதாட்டத்தைத் துறந்து அதன் தீமைகளை அம்பலப்படுத்தக் கிளம்பிய ஜோனதன் கிரீன் என்பவர் 1843-இல் பிரசுரித்த நூலில் இதற்கு ‘ஏமாற்று ஆட்டம்’ என்றே பெயரிட்டார். அக்காலத்தில் ஆட்டத்தில் தேறுவதென்றால், பெரும்பாலும், பிறருடைய விரல்களைக் கவனிக்கக் கற்றுக்கொள்வதுதான்.

நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் ஐம்பத்திரண்டு சீட்டுகளும் ஆட்டத்துக்குள் வந்தன. வேண்டாத சீட்டைக் கீழே போட்டுப் புதிதாக வாங்கும் வழக்கமும் வந்தது. கைகளின் தொகை 25,98,960 ஆயிற்று; நாலும் கூடிவருவது 4,165-க்கு ஒன்று என்று அருமையாயிற்று. இந்த மாறுதலின் பெருமையை ஆட்டத்தின் சரித்திரம் எழுதுவோர் போதிய அளவு போற்றுவதில்லை என்பது என் அபிப்பிராயம். நிச்சயமாக வெல்லும் கை ஏறக்குறைய மறைந்துபோக, எதிராளி எத்தனை சீட்டு மாற்றினான், எவ்வளவு தயங்கினான் என்பதெல்லாம் படிக்கத்தக்க எழுத்துகளாயின. லண்டனில் அமெரிக்கத் தூதராயிருந்த ராபர்ட் ஷென்க், 1870-களில் ஆங்கிலேயப் பிரபுக்களுக்கு இந்த ஆட்டத்தின் விதிகளை எழுதிக் கொடுத்தார். ராஜதந்திரிகளுக்குப் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

எதிராளியைப் படிப்பதில் வல்லவர் ஒருவரைச் சொல்ல வேண்டுமானால், ஹெர்பர்ட் யார்ட்லியைச் சொல்லலாம். ஜப்பானிய அரசின் ரகசியத் தந்திகளை உடைத்துப் படித்த அமெரிக்கக் குழுவுக்குத் தலைவராயிருந்த அவர், தம் வாழ்நாளின் கடைசியில், 1957-இல், போக்கர் கற்ற கதையை ஒரு நூலாக வெளியிட்டார். இந்தியானா மாகாணத்துச் சிற்றூர் மதுக்கடையில் பையனாகப் பயின்ற பாடத்தின் சாரம் பொறுமை: நல்ல கை வரும்வரை வெளியேறிக்கொண்டே இரு, மற்றவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இரு. நூலைப் படித்துப் பலர் முன்னேறியிருக்கக்கூடும். ஆனால் கை வந்தால் மட்டும் பந்தயம் கட்டுகிறவன், பந்தயம் கட்டியவுடனேயே தன் கையைத் திறந்து காட்டியவன் ஆகிறான் என்ற சங்கடம் அதில் தீரவில்லை.

சங்கடத்தைத் தீர்த்தவர் சீட்டாட்டக்காரர் அல்லர், ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய கணித மேதை ஜான் வான் நியூமன். பொருளியலறிஞர் ஆஸ்கர் மார்கென்ஸ்டர்னுடன் சேர்ந்து 1944-இல் அவர் வெளியிட்ட பெருநூலில் போக்கருக்கென்றே ஒரு பகுதி உண்டு. கையில் ஒன்றும் இல்லாமல் பந்தயம் ஏற்றும் மிரட்டலை அதுவரை துணிச்சல் என்றும் சூழ்ச்சி என்றும் சொல்லிவந்தார்கள். அது கணக்கு என்று அவர் நிறுவினார். நடுவில் நூறு ரூபாய் குவிந்திருக்கிறது, நான் மேலும் நூறு வைக்கிறேன் என்று கொள்வோம். எதிராளி நூறு கொடுத்து இருநூறை வெல்லப் பார்க்கிறான். மூன்றில் ஒருமுறை அவன் கணிப்புச் சரியானால் அவனுக்கு நஷ்டமில்லை. ஆகவே என் பந்தயங்களில் மூன்றில் ஒன்று வெறும் மிரட்டலாகவும் இரண்டு மெய்யாகவும் இருக்குமானால், அவன் ஏற்றாலும் விலகினாலும் பலன் ஒன்றே; என் முகத்தைப் பார்த்தோ குணத்தை ஆராய்ந்தோ அவன் அடையத்தக்கது எதுவுமில்லை. எந்தக் கையை வைத்து மிரட்டுவது என்பதற்கும் அவர் விடை கண்டார்: நடுத்தரக் கையால் அல்ல, கடைசித்தரமான கையால். நடுத்தரக் கை சும்மா இருந்தாலே சில வேளை வெல்லும். மோசமான கைக்குப் பொய்யைத் தவிர வேறு கதியில்லை. நளன் புட்கரனிடம் தோற்றதை மீட்டது, தான்றிமரத்தின் இலைகளையும் காய்களையும் பார்த்த மாத்திரத்தில் எண்ணிச் சொன்ன இருதுபன்னனிடம் கணிதம் கற்ற பிறகுதான் என்று பாரதக்கதை சொல்வது இங்கே நினைவுக்கு வருகிறது.

மேஜையிலிருந்தவர்களின் காதில் இது விழப் பல காலம் ஆயிற்று. அதற்குள் டெக்ஸாஸ் ஆட்டக்காரர்கள், ஆளுக்கு இரண்டு மறைவுச் சீட்டும் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து திறந்த சீட்டும் கொண்ட ஹோல்டெம் ஆட்டத்தை லாஸ் வேகஸுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். 1970-இல் பின்னியன் சூதாட்ட விடுதியில் உலகப் போட்டியும் தொடங்கிற்று. 1976, 1977 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அங்கே பட்டம் வென்ற டாயில் பிரன்சன், அடுத்து நூறு டாலர் விலையில் ஒரு தடித்த நூலை வெளியிட்டுத் தம் வித்தையையெல்லாம் விற்றார். எதிரிகள் அதைப் படித்துவிட்டு வந்து உட்கார்ந்ததால் வரவைவிடச் செலவே அதிகமாயிற்று என்று பின்னாளில் வருந்தினார். அவர் பட்டம் வென்ற இரண்டு கடைசி ஆட்டங்களிலும் கையில் இருந்தவை பத்தும் இரண்டும் என்ற மட்டமான சீட்டுகளே. வென்றதனால் அது நல்ல கை ஆகிவிடாது என்பதைப் பாமர ஆட்டக்காரனுக்குப் புரியவைப்பதைவிட யானையை ஊசிக்காதில் நுழைப்பது எளிது. அந்த நூலில் ஓர் அத்தியாயம் எழுதிய டேவிட் ஸ்க்லான்ஸ்கி, தமது சொந்த நூலில், எதிராளியின் சீட்டைப் பார்த்திருந்தால் எப்படி ஆடுவோமோ அதிலிருந்து விலகும்தோறும் நமக்கு நஷ்டம், எதிராளிக்கு லாபம் என்ற அடிப்படைச் சித்தாந்தத்தை வகுத்தார். இரண்டு மறைவுச் சீட்டில் 1,326 ஜோடிகள், வகைப்படுத்தினால் 169. தேர்ந்தவர்கள் ‘அவனிடம் என்ன சீட்டு?’ என்று கேட்பதை விட்டு, ‘இப்படி ஆடுகிறவனிடம் இவற்றுள் எவையெல்லாம் இருக்கலாம்?’ என்று கேட்கலானார்கள்.

பிறகு வந்தது இயந்திரம். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 2015-இல், இருவர் ஆடும், பந்தயத்துக்கு வரம்புள்ள ஹோல்டெம் ஆட்டம் ஏறத்தாழ முற்றும் தீர்க்கப்பட்டது என்று அறிவித்தார்கள். கணினி தன்னோடு தானே ஆடி, ஒவ்வொரு கட்டத்திலும் வேறுவிதமாக ஆடியிருந்தால் எவ்வளவு கூடுதலாகக் கிடைத்திருக்கும் என்று கணக்கெழுதி, அந்தத் தொகை தேயத்தேயத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. அந்தத் தொகைக்கு அவர்கள் வைத்த பெயர் கழிவிரக்கம். மனிதன் கழிவிரக்கத்தால் மறு ஆட்டத்தில் பதறுகிறான். இயந்திரம் அதைப் பேரேட்டில் பற்று எழுதிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போகிறது. 4,800 கணிப்பான்கள் 68 நாள் எழுதிய பேரேடு அது.

2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க் நகரச் சூதாட்ட விடுதியில், லிப்ராட்டஸ் என்னும் கணினி நிரலோடு நான்கு தேர்ந்த ஆட்டக்காரர்கள் இருபது நாட்களில் 1,20,000 ஆட்டங்கள், பந்தய வரம்பின்றி, ஆடினார்கள். முடிவில் கணக்குக் காசில் 17,66,250 டாலர் அவர்களுக்கு நஷ்டம். இரவுதோறும் நால்வரும் கூடி அன்றைய ஆட்டங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு எதிரியின் ஓட்டை எங்கே என்று தேடுவார்கள். அதே இரவில், அவர்கள் பகலில் எந்த ஓட்டையை அதிகமாகத் தட்டினார்களோ அதைக் கணினி அடைத்துக்கொண்டிருக்கும்.