ஹைலிகன்டாம்: கடற்கரை யாருக்குச் சொந்தம்?

கோடை விடுமுறையில் கடற்கரைக்குச் செல்வது இன்று உலகெங்கும் உள்ள பழக்கம். ஆனால் 18-ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பியர்களில் பெரும்பாலோருக்குக் கடல் என்றால் அச்சம்தான். மீனவர்களும் மாலுமிகளும் பிழைப்புக்காகக் கடலுக்குப் போனார்கள். அதில் இறங்கிக் குளிக்க யாரும் பயணம் செய்யவில்லை. இந்த எண்ணத்தை முதலில் மாற்றியவர்கள் ஆங்கிலேய மருத்துவர்கள். கடல்நீர் நோய் தீர்க்கும் என்று அவர்கள் சொன்னதும் பிரைட்டன், மார்கேட் போன்ற ஊர்கள் வளர ஆரம்பித்தன.

ஜெர்மனியில் ஏன் இப்படி ஒரு ஊர் இல்லை? 1793-ஆம் ஆண்டு வாக்கில் இந்தக் கேள்வியைக் கட்டுரையாகவே எழுதினார் கோட்டிங்கன் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் லிக்டன்பெர்க். இங்கிலாந்தில் மார்கேட்டை நேரில் பார்த்து மயங்கியவர் அவர். அவருடைய விருப்பம் வட கடல் கரை. ஆனால் பதில் வந்ததோ பால்டிக் கடலின் கரையிலிருந்து.

கோமகனின் கடற்கரை

ராஸ்டாக் நகருக்கு மேற்கே டோபெரான் என்ற சிற்றூர் உள்ளது. சிஸ்டர்சியத் துறவிகள் செங்கல்லால் கட்டிய பெரிய தேவாலயத்துக்குப் பெயர் பெற்றது. அங்கிருந்து சுமார் 6 கிலோமீட்டர் தொலைவில், கூழாங்கற்கள் குவிந்து இயற்கையாக உருவான ஒரு கரை கடலைத் தடுத்து நிற்கிறது. துறவிகளின் பிரார்த்தனைக்கு இரங்கி ஒரே இரவில் கடலே அதை எழுப்பியது என்பது ஊர்க்கதை. 'புனித அணை' என்று பொருள்படும் ஹைலிகன்டாம் என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

1793-ல் மெக்லன்பர்க்-ஷ்வெரின் சிற்றரசின் கோமகன் முதலாம் ஃபிரீட்ரிக் ஃபிரான்ஸ், தன் மருத்துவர் சாமுவேல் ஃபோகெலின் யோசனைப்படி அங்கே கடல் குளியலைத் தொடங்கி வைத்தார். ஜெர்மனியின் முதல் கடற்கரை உல்லாச ஊர் பிறந்தது. தொடக்க காலத்தில் விருந்தினர்கள் டோபெரானில் தங்கி, வண்டியில் கடலுக்குப் போய்க் குளித்துத் திரும்பினார்கள். பிறகு கடலோரத்திலேயே வெள்ளை மாளிகைகள் வரிசையாக எழும்பின. கட்டடக் கலைஞர் செவெரின் 1816-ல் முடித்த விருந்தினர் மண்டபம் கிரேக்கக் கோயில் போலத் தூண்களுடன் நிற்கிறது. 'கடலோர வெள்ளை நகரம்' என்ற பட்டப்பெயரும் கிடைத்தது. 1822-ல் குதிரைப் பந்தயம் வந்தது. நோய் தீர்க்கத் தொடங்கிய இடம், பிரபுக்கள் பொழுது போக்கும் இடமாயிற்று.

ரயில் வந்தது

1873-ல் அரச குடும்பம் இந்த இடத்தைத் தனியாருக்கு விற்றது. 1886-ல் டோபெரானிலிருந்து சிறிய நீராவி ரயில் ஓடத் தொடங்கியது. செல்லமாக 'மோல்லி' என்று அழைக்கப்படும் அந்த ரயில் இன்றும் ஓடுகிறது. இதே காலத்தில், 1882-ல், ராஸ்டாக்கைச் சேர்ந்த கூடை பின்னும் தொழிலாளி வில்ஹெல்ம் பார்ட்டெல்மன், காற்றையும் வெயிலையும் தடுக்கும் கூடை நாற்காலியைக் கடற்கரைக்கெனச் செய்து கொடுத்தார். ஜெர்மானியக் கடற்கரைகளின் அடையாளமாக இன்று விளங்குவது அதுதான்.

ரயிலும் கூடை நாற்காலியும் நடுத்தர வர்க்கத்தைக் கடலுக்குக் கொண்டு வந்தன. ஆனால் எல்லோரையும் அல்ல. யூதர்களை வரவேற்பதில்லை என்று வெளிப்படையாகவே அறிவித்த கடற்கரை ஊர்கள் ஜெர்மனியில் ஹிட்லருக்கு முன்பே இருந்தன. நாஜிகள் ஆட்சியில் அது நாட்டின் நடைமுறையே ஆயிற்று. டோபெரான் நகரம் 1932-லேயே ஹிட்லரைக் கௌரவக் குடிமகனாக்கியது. அதாவது, அவர் ஆட்சிக்கு வருவதற்கு முன்பே!

தொழிலாளர்களின் கடற்கரை

போருக்குப் பின் இப்பகுதி கிழக்கு ஜெர்மனியில் சேர்ந்தது. பிரபுக்களின் மாளிகைகள் உழைக்கும் மக்களுக்கான சுகவாச விடுதிகளாயின. சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தவர்கள் கோமகன் குளித்த கடலில் குளித்தார்கள். ஆனால் பராமரிக்கப் போதிய பணம் இல்லை. சுவர்களில் காரை உதிர்ந்தது. 1990-ல் இரு ஜெர்மனிகளும் இணைந்தபோது வெள்ளை நகரம் சாம்பல் நிறமாகியிருந்தது.

1996-ல் ஒரு முதலீட்டு நிறுவனம் முக்கியக் கட்டடங்களை வாங்கியது. 2003-ல் ஆடம்பர ஹோட்டல் திறக்கப்பட்டது. மாளிகைகள் மீண்டும் வெண்மையாயின. கூடவே, ஹோட்டல் வளாகத்துக்குள் ஊர்க்காரர்கள் நடந்து போகலாமா என்ற தகராறும் எழுந்தது.

வேலி

2007 ஜூன் 6 முதல் 8 வரை ஜி-8 மாநாடு இங்கே நடந்தது. ஊரைச் சுற்றிச் சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு வேலி போடப்பட்டது. போராட்டக்காரர்கள் வயல்கள் வழியாக நடந்து வந்து சாலைகளை மறித்தார்கள். பத்திரிகையாளர்களை ஏற்றிச் சென்ற மோல்லி ரயிலின் பாதையும் தப்பவில்லை. வேலிக்கு உள்ளே உலகத் தலைவர்கள் ஒரு மிகப் பெரிய கூடை நாற்காலியில் வரிசையாக அமர்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் அழைப்பின் பேரில் மாநாட்டின் கடைசி நாளில் கலந்துகொண்டார்.

மாநாட்டுக்குச் சில வாரங்களுக்கு முன்தான் நகர மன்றம் ஹிட்லரின் கௌரவக் குடியுரிமையை ரத்து செய்தது என்பது குறிப்பிடத்தக்கது. 75 ஆண்டுகள் கழித்து, உலகம் எட்டிப் பார்க்க வரும் வேளையில்!

மாநாடு முடிந்ததும் வேலி அகற்றப்பட்டது. அந்த ஹோட்டல் நிறுவனம் 2012-ல் திவாலாகி, அடுத்த ஆண்டு வேறொருவர் கைக்கு மாறியது.

கோமகன், பங்குதாரர், நாஜி, தொழிலாளர் அரசு, முதலீட்டாளர் என இருநூறு ஆண்டுகளில் ஹைலிகன்டாம் பலரைப் பார்த்துவிட்டது. ஒவ்வொருவரும் யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே நிறுத்துவது என்று முடிவு செய்தார்கள். கட்டடங்களின் அழகை ரசிக்கப் போகிறவர்கள் இந்த வரலாற்றையும் தெரிந்துகொண்டு போவது நல்லது. கடலோ யாரிடமும் அனுமதிச் சீட்டு கேட்டதில்லை. கேட்டவர்கள் எல்லாம் கரையில் இருந்தவர்கள்தான்.