சான்றாகும் படம்: பலெர்மோவின் சீசாவும் வன்னிப் போரின் இறுதி மாதங்களும்

சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவில் சீசா என்றொரு பகுதி உண்டு. நார்மன் அரசன் முதலாம் வில்லியம் 12ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கி, அவன் மகன் காலத்தில் நிறைவுற்ற கோடை மாளிகையின் அரபுப் பெயர் ‘அல்-அசீசா’. அதன் மரூஉவே சீசா. மாளிகையை அடுத்து துக்ரோ நிறுவனத்தின் பழைய மரத்தளவாடத் தொழிற்சாலை இன்று பண்பாட்டு வளாகமாக விளங்குகிறது. ஆவணப்பட இயக்குநர் வித்தோரியோ தே சேத்தாவின் பெயர் தாங்கிய திரையரங்கும், ஆவணப்படக் கலையைப் பயிற்றும் திரைப்படப் பள்ளியும், லெத்தீசியா பத்தாலியா 2017இல் தொடங்கிய பன்னாட்டு நிழற்பட மையமும் அவ்வளாகத்தில் அமைந்துள்ளன. 1980கள் முதல் ஈழத்தமிழர் குடியேறி வாழும் நகரம் பலெர்மோ. சைவரும் கத்தோலிக்கருமாக அவர்கள் பெல்லெகிரினோ மலையேறிச் சாந்தா ரொசாலியாவின் குகைக்கோயிலை வழிபடுவதை ஆய்வாளர் பலர் எழுதியுள்ளனர். அம்மக்களின் உறவினர் பலர் சிக்கிய போரின் இறுதி மாதங்களைப் பதிந்த படங்களுக்கு நேர்ந்தது என்ன என்பதை, அவர்கள் வாழும் நகரத்தின் படம் ஒன்றுக்கு நேர்ந்ததோடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

பத்தாலியா (1935–2022) ‘லோரா’ என்னும் பலெர்மோ நாளேட்டின் நிழற்படக் கலைஞர். மாஃபியாக் கொலைகளைப் பல்லாண்டுகள் படமெடுத்தவர். இத்தாலியின் முன்னாள் பிரதமர் ஜூலியோ அந்திரேயோத்தி மீது 1993இல் மாஃபியாத் தொடர்புக் குற்றச்சாட்டு எழுந்தபோது, புலனாய்வாளர் பத்தாலியாவின் படத்தொகுப்பைத் துருவினர். 1979இல் விடுதி ஒன்றில் எடுத்த படங்களில், மாஃபியாவைச் சேர்ந்த நீனோ சால்வோவின் அருகே அந்திரேயோத்தி நிற்பது தெரிந்தது. சால்வோவை அறியவே அறியேன் என்று சொல்லிவந்தவர் அவர். அப்படங்களை எடுத்ததையே பத்தாலியா மறந்திருந்தார். செய்திக்காக எடுத்த படம், 14 ஆண்டுகள் கழித்து வழக்குச் சான்றாயிற்று. 1999இல் பலெர்மோ நீதிமன்றம் அந்திரேயோத்தியை விடுவித்தது. 2003இல் மேல்முறையீட்டு மன்றம், 1980 வரையிலான தொடர்பு உண்மை, ஆயினும் காலவரம்பு கடந்துவிட்டது என்றது. தீர்ப்பைப் பற்றி எவர் என்ன நினைப்பினும், படம் ஒரு மன்றத்தின் முன் வைக்கப்பட்டது. அங்கே அது வாதிடப்பட்டது.

வன்னியின் படங்களுக்கு அத்தகைய மன்றம் வாய்க்கவில்லை. 2008 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் பணியாளர் கிளிநொச்சியை விட்டு வெளியேறினர். தங்களை விட்டுப் போகவேண்டாமென்று மக்கள் வாயிலில் நின்று மன்றாடினர். வெளியார் கண் மறைந்த நிலத்தில் 2009 ஜனவரியில் முதலாம் ‘பாதுகாப்பு வலயம்’ அறிவிக்கப்பட்டது; பிப்ரவரியில் புதுமாத்தளன் கடலோரத்தில் இரண்டாவது; மே மாதத்தில் முள்ளிவாய்க்காலைச் சுற்றி அதனினும் சிறிய மூன்றாவது. ஒவ்வொரு வலயமும் முந்தையதைவிடக் குறுகியது. வலயத்தில் ஏறத்தாழ 70,000 பேரே உள்ளனர் என அரசு அப்போது கூறிற்று. போர் முடிந்தபின் முகாம்களுக்கு வந்து சேர்ந்தோர் மட்டும் 2,80,000 பேருக்கு மேல். உணவும் மருந்தும் முந்தைய கணக்கின்படியே அனுப்பப்பட்டன என்பதை நினைத்தால், அந்த எண்ணும் ஒரு போர்க்கருவியே எனலாம். ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த வல்லுநர் குழு 2011இல் அளித்த அறிக்கை, 40,000 வரையிலான பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்றும், போர்முனையின் மருத்துவமனைகள் எறிகணைகளால் தாக்கப்பட்டன என்றும் கண்டது. பொதுமக்களைத் தடுத்து வைத்ததையும், தப்பியோடியோரைச் சுட்டதையும், கட்டாய ஆட்சேர்ப்பையும் விடுதலைப் புலிகள் மீதான குற்றங்களாக அதே அறிக்கை பதிந்தது.

இக்காலத்தை விரிவாகக் காட்டும் ஆவணப்படம் கல்லம் மெக்ரே இயக்கிய ‘நோ ஃபயர் சோன்’ (2013). தமிழ் ஏடுகள் ‘போர் தவிர்ப்பு வலயம்’ என வழங்கின. 2011 ஜூனில் சேனல் 4 ஒளிபரப்பிய ‘இலங்கையின் கொலைக்களங்கள்’, 2012இல் வந்த அதன் தொடர்ச்சி ஆகியவற்றின் வளர்ச்சி இது. இதன் படக்காட்சிகள் இருவகை. ஒன்று, ஷெல்லடிக்கு நடுவே பதுங்குகுழியிலும் தற்காலிக மருத்துவமனையிலும் தமிழர் எடுத்தவை. மற்றது, வென்றவர் தம் கைப்பேசியில் வெற்றிச் சின்னமாக எடுத்தவை. முதல்வகை, பார்ப்பவரை நோக்கிய முறையீடு. இரண்டாம் வகை பார்ப்பவரை எண்ணியே எடுக்கப்படாதது. சான்றின் வலிமை இரண்டாம் வகைக்கே மிகுதி. எடுத்தவரே தம் செயலுக்குச் சாட்சியாகிறார்.

எனினும், அச்சான்று எளிதில் ஏற்கப்படவில்லை. கண்ணும் கையும் கட்டப்பட்டவர்கள் சுடப்படும் காட்சி முதன்முதலாக 2009 ஆகஸ்டில் ஒளிபரப்பானபோது, இலங்கை அரசு அது போலி என்றது. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் உடற்கூறு, சுடுகலன், காணொளி ஆகிய துறைகளின் வல்லுநர்களைக் கொண்டு ஆராயச் செய்து, அது உண்மையெனவே தோன்றுகிறது என்று 2010 ஜனவரியில் அறிவித்தார். கோப்பில் பதிவான நாள் 2009 ஜூலை 17 என்றிருந்தது. போரோ மே மாதமே முடிந்திருந்தது. இந்த முரணை ஆல்ஸ்டன் மறைக்கவில்லை. விளக்கப்படாத கூறு என்றே குறித்தார். அவருக்குப்பின் வந்த கிறிஸ்டோஃப் ஹேய்ன்ஸ், நீளமான வடிவத்தையும் ஆராயச் செய்து, 2011இல் அது உண்மையானது என்ற முடிவுக்கு வந்தார். கைப்பேசியின் கடிகாரம் தவறாக இருந்திருக்கலாம். ஆனால், அக்கைப்பேசியை வரவழைத்துப் பார்க்கும் அதிகாரம் அறிக்கையாளருக்கு இல்லை. நீதிமன்றத்தில் ஓர் ஆணையால் தீரக்கூடிய ஐயம், மன்றம் இன்மையால் அரசியல் வாதமாக நீடித்தது. இலங்கைப் பாதுகாப்பு அமைச்சு ‘ஒப்புக்கொள்ளப்பட்ட பொய்கள்’ என்னும் மறுப்புப் படத்தையே எடுத்தது. படத்திற்குப் படம் விடையாயிற்று.

மெக்ரேயின் படம் 2013 மார்ச்சில் மனித உரிமைப் பேரவை கூடியிருந்த ஜெனீவாவில் திரையிடப்பட்டது. அதற்குச் சற்று முன் வெளியான பாலச்சந்திரனின் படங்கள் (12 வயதுச் சிறுவன் மணல்மூட்டைகளுக்கு நடுவே உயிருடன் அமர்ந்திருப்பது ஒன்று, மார்பில் குண்டுக்காயங்களுடன் கிடப்பது மற்றொன்று) தமிழ்நாட்டில் மாணவர் போராட்டத்தை மூட்டின. சென்னை லயோலா கல்லூரி மாணவரின் உண்ணாநோன்பு மாநிலமெங்கும் பரவிற்று. தி.மு.க. மார்ச் 19 அன்று நடுவண் கூட்டணியிலிருந்து விலகியது. மார்ச் 21 அன்று பேரவைத் தீர்மானம் 25 வாக்குகளால் நிறைவேறியது; இந்தியா ஆதரித்தது. அடுத்த ஆண்டின் தீர்மானத்தில் இந்தியா வாக்களிக்காது விலகி நின்றது. அதே 2014இல் இந்தியத் தணிக்கை வாரியம் இப்படத்திற்குச் சான்றிதழ் மறுத்தது. மெக்ரே அதை இணையத்தில் கட்டணமின்றி வெளியிட்டார்.

மலேசியாவில் நிகழ்ந்தது இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. 2013 ஜூலையில் கோலாலம்பூரில் இப்படத்தைத் திரையிட்ட மனித உரிமைச் செயற்பாட்டாளர் லீனா ஹென்றி, தணிக்கைக்கு உட்படாத படத்தைக் காட்டியதாக வழக்குத் தொடரப்பெற்றார். கீழ்நீதிமன்றம் விடுவித்தது, மேல்முறையீட்டில் அவ்விடுதலை நீக்கப்பட்டு, 2017இல் அவருக்கு 10,000 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டது. படம் நீதிமன்றத்தை அடைந்தது உண்மை. ஆனால், அதில் காணும் கொலைகளுக்கு விடை கேட்கும் நீதிமன்றமன்று. அதைக் காட்டியவரைக் கேட்கும் நீதிமன்றம்.

படத்தின் மீதான திறனாய்வும் தேவை. புலிகளின் குற்றங்களை மெக்ரே கூறாமல் விடவில்லை. ஆனால் அவற்றுக்கு அளித்த நேரம் குறைவு. பின்னணி இசையும் படத்தொகுப்பும் பார்ப்பவரின் நெஞ்சை ஒரு திசையில் செலுத்துகின்றன. ஆவணப்படம் என்ற வகைக்கு இது இயல்பே. ஆயின், சான்றாக வைக்கப்படும்போது தொகுக்கப்பட்ட படத்தையும் தொகுக்கப்படாத மூலக்காட்சியையும் வேறுபடுத்தியே நோக்கவேண்டும். பத்தாலியாவின் படச்சுருளில் அந்திரேயோத்தியின் படத்திற்கு முன்னும் பின்னும் உள்ள படங்களைக் காணமுடிந்தது போல, வன்னிக் கைப்பேசிக் காட்சிகளின் முன்னும் பின்னும் காண எவர்க்கும் வழியில்லை.

இலங்கை ரோம் சட்டத்தில் கையொப்பமிட்ட நாடன்று. ஆதலின் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தின் வாயில், பாதுகாப்பு அவை அனுப்பினாலோ இலங்கையே அதன் அதிகாரத்தை ஏற்றாலோ அன்றி எளிதில் திறவாது. 2021 மார்ச்சில் மனித உரிமைப் பேரவையின் 46/1ஆம் தீர்மானம், வருங்கால வழக்குகளுக்கெனச் சான்றுகளைத் திரட்டி, பகுத்து, பாதுகாக்கும் பணியை மனித உரிமை ஆணையர் அலுவலகத்திடம் ஒப்படைத்தது. படங்கள் அங்கே சேர்கின்றன. சீசாவின் நிழற்பட மையத்தை நிறுவியவரிடம், ‘இதை எடுத்தவர் யார், எப்போது, எங்கே’ என்று கேட்க முடிந்தது, விடையும் கிடைத்தது. வன்னியில் வெற்றிச் சின்னமாகக் கொலையைப் படமெடுத்த கைகளுக்கு உரியவர்களிடம் அதே மூன்று கேள்விகளை எந்த நீதிமன்றமும் இன்றுவரை கேட்கவில்லை.